குடிமைப்பணித் தேர்வில் இஸ்லாமியப் பாடம்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

இந்தியாவில் அரசு உயர்பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் இஸ்லாம் சார்ந்த பாடம் ஏதேனும் ஒரு வடிவில் இருநூறு ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அது சட்டப் பாடம். ஐ.சி.எஸ். என்ற இந்தியக் குடிமைப்பணியின் காலத்தில் அரபு மொழிப் பாடம். விடுதலைக்குப் பின் சில பத்தாண்டுகள் இடைக்கால நாகரிக வரலாறு. இன்று தனித் தாள் எதுவும் இல்லை. பொது வரலாற்றுக்குள்ளும், தமிழக அரசுத் தேர்வுகளின் இலக்கியப் பகுதிக்குள்ளும் அது கலந்து நிற்கிறது. ஆட்சிக்கு எந்த அறிவு தேவைப்பட்டதோ அதுவே ஒவ்வொரு காலத்திலும் பாடமாயிற்று. மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் இந்த மாற்றங்கள் அனைத்தையும் கண்டவை. அரபு நூல்களில் பெயர் பெற்ற ஊர் என்பதால் பாடத்தின் பொருளாகவும் மதுரை இருந்திருக்கிறது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் வங்காளத்துக்கு வகுத்த நீதித் திட்டத்தில் இதன் தொடக்கம் இருக்கிறது. திருமணம், வாரிசுரிமை முதலிய வழக்குகளில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் வழிச் சட்டமும் இந்துக்களுக்குச் சாஸ்திரமும் பொருந்தும் என்று அத்திட்டம் விதித்தது. குற்றவியலிலோ முகலாய ஆட்சியிலிருந்து வந்த இஸ்லாமியச் சட்டமே, கம்பெனி செய்த திருத்தங்களோடு, எல்லா மதத்தாருக்கும் நடைமுறையில் இருந்தது. திண்டுக்கல் 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி கைக்கு வந்தது. மதுரை 1801-இல் கர்நாடக நவாபோடு செய்த ஒப்பந்தத்தால் வந்தது. மறு ஆண்டே, 1802-இல், சென்னை மாகாணத்துக்கான நீதிமன்ற ஒழுங்குமுறைகள் வெளியாயின. தென்பகுதிக்குரிய மாகாண நீதிமன்றம் திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. அதன் நீதிபதிகள் சுற்றில் சென்று குற்ற வழக்குகளை விசாரித்தனர். நீதிமன்றத்தில் முஸ்லிம் சட்ட அலுவலர் ஒருவர் உடன் இருப்பார். சாட்சியம் முடிந்ததும் அவர் பத்வா என்ற சட்டக் கருத்தை எழுதிக் கொடுப்பார். நீதிபதி அதைப் பார்த்துத் தீர்ப்பளிப்பார்.

நீதிபதியோ இங்கிலாந்திலிருந்து வந்த ஆங்கிலேயர். பத்வா சரியா, அதற்கு ஆதாரமான நூல் எது, அது எந்த வழக்குக்கு உரியது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் கையெழுத்திட வேண்டிய நிலை கம்பெனிக்குக் கவலை அளித்தது. ஆகவே மூலநூல்கள் ஆங்கிலத்துக்கு வந்தன. மர்கீனானி பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ஹிதாயாவை, பாரசீக மொழிபெயர்ப்பு வழியாகச் சார்ல்ஸ் ஹாமில்டன் 1791-இல் வெளியிட்டார். வாரிசுரிமை பற்றிய சிராஜிய்யாவை வில்லியம் ஜோன்ஸ் 1792-இல் கொண்டுவந்தார். மக்னாட்டன் 1825-இல் எழுதிய முகமதியச் சட்டக் கோட்பாடுகளும் முன்தீர்ப்புகளும் என்ற நூல் இவற்றைவிடக் கையாள எளிது. அடுத்த நூறாண்டுக்கு இஸ்லாமியச் சட்டம் படித்த ஒவ்வொரு அலுவலரும் இந்த மூன்றின் நிழலிலேயே படித்தார்.

சென்னையில் இளம் அலுவலர்களுக்குப் பாடம் சொன்ன இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கம்பெனி அலுவலரான எல்லிஸ் முன்னின்று 1812-இல் அமைத்த நிறுவனம் அது. தமிழ், தெலுங்கு முதலிய தென்மொழிகளுடன் சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. உள்ளூர் மாணவர்களுக்கு இந்து சட்டமும் முகமதியச் சட்டமும் சொல்லிக்கொடுத்து, நீதிமன்றச் சட்ட அலுவலர்களாகவும் வக்கீல்களாகவும் ஆக்கும் பணியும் அக்கல்லூரிக்கு இருந்தது. திராவிட மொழிக் குடும்பம் பற்றிய கருத்துக்காகவே எல்லிஸ் இன்று நினைக்கப்படுகிறார். சட்டக் கல்வியிலும் அவருக்குப் பங்கு இருந்தது பலருக்குத் தெரிவதில்லை. அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்தார். கல்லறை திண்டுக்கல்லில் உள்ளது. கல்லூரியின் நிர்வாகக் குழு 1854-இல் கலைக்கப்பட்டு, தேர்வுகளை மட்டும் நடத்தும் குழுவொன்று அதன் இடத்தில் வந்தது.

இந்தப் பாடத்தில் மாணவர் எதைப் படித்தார் என்பதற்குச் சிராஜிய்யா வழிக் கணக்கு ஒன்றே போதும். ஒருவர் மனைவியையும் தாய் தந்தையரையும் இரண்டு பெண் மக்களையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கும் ஆறில் ஒன்று. பெண்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, பெண்களுக்கு 16. கூட்டிப் பார்த்தால் 27 ஆகிறது, இருப்பதோ 24. அவுல் என்னும் விதி இங்கேதான் வருகிறது. சொத்தை 27 பங்காகவே பிரித்துவிட வேண்டும். குறைவை எல்லோரும் அவரவர் அளவில் தாங்கிக்கொள்வர். நிலம் 27 ஏக்கர் என்றால் மனைவிக்கு 3 ஏக்கர், தாய்க்கும் தந்தைக்கும் நான்கு நான்கு, பெண் ஒவ்வொருத்திக்கும் எட்டு. எட்டில் ஒன்றாகத் தொடங்கிய மனைவியின் உரிமை ஒன்பதில் ஒன்றாக முடிகிறது. கலீஃபா அலி மிம்பர் என்ற பள்ளிவாசல் மேடையில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது இக்கேள்வி வந்ததாகவும், உரையை நிறுத்தாமலே அவர் விடை சொன்னதாகவும் மரபு கூறும். அதனால் இக்கணக்குக்கு மிம்பரிய்யா என்று பெயர். அன்றைய அலுவலர் கற்ற அதே கணக்கை இன்றைய சட்டக் கல்லூரி மாணவரும் போட்டுப் பார்க்கிறார்.

நூலறிவுக்கும் நாட்டு நடப்புக்கும் இடைவெளி இருந்தது. ஹிதாயா ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் நூல். மதுரை, திண்டுக்கல், கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் பெருகி வாழும் ராவுத்தர்கள் ஹனஃபிகள். அவர்களுக்கு அந்நூல் பொருந்தும். கிழக்கே கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் மரைக்காயர்களோ ஷாஃபி என்ற மற்றொரு மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆதாரமாகும் நவவியின் மின்ஹாஜ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வர 1914 ஆயிற்று. வங்காளத்து முஸ்லிம்களைக் கண்ணில் வைத்து உருவான பாடத்திட்டம் அப்படியே தெற்குக்கும் வந்ததால் விளைந்த குறை இது. இதற்கு மேல் ஊர் வழக்கம் என்ற ஒன்றும் இருந்தது. 1873-ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம், சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கத்துக்கும் இடம் கொடுத்தது. ஷரீஅத் சட்டம் 1937-இல் வந்தபோது வேளாண் நிலம் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1949-ஆம் ஆண்டின் சென்னைத் திருத்தம்தான் நிலத்தையும் சேர்த்தது. மேலே கண்ட 27 ஏக்கர் கணக்கு மதுரைப் பக்கத்து வயலுக்கு ஐயமின்றிப் பொருந்தத் தொடங்கியது அந்தத் திருத்தத்துக்குப் பிறகே.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்ததும் குற்றவியலில் இஸ்லாமியச் சட்டத்தின் காலம் முடிந்தது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றச் சட்ட அலுவலர் பதவிகளை ஒழித்தது. அத்தோடு காஜிகள் என்ற மார்க்க அலுவலர்களை அரசு நியமிப்பதும் நின்றுபோனது. நிக்காஹ் பதிவுக்கும் பிற மதக் கடமைகளுக்கும் அரசு நியமித்த காஜி வேண்டும் என்று சென்னை மாகாண முஸ்லிம்கள் கேட்டனர். அதன் விளைவு 1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம். அது முதலில் சென்னை ஆளுநரின் ஆட்சிப் பகுதிக்கு மட்டுமே பொருந்துவதாக இயற்றப்பட்டது. மதுரையில் காஜி மரபு கம்பெனிக்கு மிகவும் முந்தியது. காஜிமார் தெருவின் பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலத்தில் யேமனிலிருந்து வந்த காஜி சையது தாஜுத்தீன் எழுப்பியது என்பது அவர் வழிவந்தோரின் மரபு. கோரிப்பாளையம் தர்காவுக்குப் பாண்டியர் விட்ட ஊர்க் கொடையை வீரப்ப நாயக்கர் 1573-இல் உறுதிசெய்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆட்சி மாறினாலும் கொடை நின்றது என்பதற்கு நல்ல சான்று அது.

சட்டம் பின்வாங்கிய அதே காலத்தில் மொழி முன்வந்தது. மெக்காலே குழுவின் 1854 அறிக்கையை ஒட்டி, இந்தியக் குடிமைப்பணிக்கான முதல் போட்டித் தேர்வு 1855-இல் லண்டனில் நடந்தது. மொத்தம் 6875 மதிப்பெண். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. இந்தியாவை ஆளப் போகிறவருக்கு அரபைவிடக் கிரேக்கம் இரண்டு மடங்கு பயன் தந்தது. பின்னர் இந்தக் கீழை மொழிகளின் மதிப்பெண் 500 ஆக உயர்ந்தது. சத்யேந்திரநாத் தாகூர் 1863-இல் இவ்விரு மொழிகளையும் எடுத்து எழுதி, தேர்வில் வென்ற முதல் இந்தியரானார். அதற்குப் பின் மதிப்பெண் மறுபடியும் 375 ஆகக் குறைக்கப்பட்டது. அவரோடு கப்பலேறிய மன்மோகன் கோஷ் தேறவில்லை; இந்தக் குறைப்பைக் கண்டித்து எழுதினார். இந்தியர் வலுவாக நிற்கக்கூடிய பாடத்தின் மதிப்பை, ஒருவர் வென்றதும் குறைத்தது நியாயமன்று என்ற அவரது வாதத்தை மறுப்பது கடினம்.

தேறியவர்கள் இங்கிலாந்திலேயே பயிற்சியில் இருந்தபோது இந்தியச் சட்டமும் மாகாண மொழியும் படித்து மறுதேர்வு எழுத வேண்டும். முகமதியச் சட்டம் அங்கே உயிரோடு இருந்தது. ஹிதாயாவின் ஒரே தொகுதிப் பதிப்பு 1870-இல் மாணவர்களை எண்ணியே வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் இந்தியச் சட்டம் கற்பித்த ரோலண்ட் வில்சன் 1895-இல் ஆங்கிலோ முகமதியச் சட்டச் சுருக்கத்தை வெளியிட்டார். இந்தியாவில் அமீர் அலியும், பின்னர் முல்லாவும் எழுதிய நூல்கள் வந்தபின் மாணவர்கள் ஹிதாயாவைத் தொடுவது அருகிற்று.

இப்படிப் படித்து வந்தவர்கள் மதுரையில் என்ன செய்தார்கள் என்பதற்கு நெல்சன் ஒரு சான்று. சென்னைக் குடிமைப்பணியைச் சேர்ந்த ஜே.எச். நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரை மாவட்டக் கையேடு, ஊர்க் கதை, ஏட்டுச்சுவடி, கல்வெட்டு, வருவாய்க் கணக்கு என எல்லாவற்றையும் திரட்டியது. பாடநூலில் உள்ள சட்டம் மக்கள் வாழும் சட்டம் அன்று என்பதை இந்து சட்டம் குறித்து அவர் பிற்காலத்தில் ஓயாமல் எழுதினார். அதே கண்ணோட்டம் முஸ்லிம்களின் வழக்கங்கள் மீதும் திரும்பியிருந்தால் தென்னாட்டு இஸ்லாமியச் சட்ட வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

ஐ.சி.எஸ். தேர்வு 1922 முதல் இந்தியாவிலும் நடந்தது. 1926-இல் பொதுப்பணி ஆணையம் அமைந்தது. விடுதலைக்குப் பின் அது மத்தியப் பணியாளர் தேர்வாணையமாயிற்று. இந்திய ஆட்சிப் பணிக்கும் அயல்நாட்டுப் பணிக்கும் போட்டியிடுவோர், விருப்பப் பாடங்களுக்கு மேல் உயர்நிலைத் தாள்கள் இரண்டைக் கூடுதலாக எழுத வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் ஒன்று, அரபு இலக்கியத்தில் வெளிப்படும் இடைக்கால நாகரிகம், கி.பி. 570 முதல் 1650 வரை. பாரசீக இலக்கிய வழி நாகரிகத்துக்கும், பண்டைய இந்திய நாகரிகத்துக்கும் தத்துவத்துக்கும் உடன் தாள்கள் இருந்தன. 570 நபிகள் நாயகம் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டு. இந்தியத் தேர்வு வரலாற்றில் இஸ்லாமிய நாகரிகம் சட்டத்துக்கோ மொழிபெயர்ப்புக்கோ துணையாக இல்லாமல் தனக்காகவே படிக்கப்பட்ட தாள் இதுவே. அந்த வகையில் இப்பாடத்தின் சிறந்த காலம் அது.

இத்தகைய தாளுக்குரிய நூல்கள் அப்போது ஆங்கிலத்தில் நிறைந்திருந்தன: நிக்கல்சன் 1907-இல் எழுதிய அரபு இலக்கிய வரலாறு, ஹிட்டி 1937-இல் எழுதிய அரபியர் வரலாறு, 1958-இல் ரோசந்தால் மொழிபெயர்த்த இபன் கல்தூனின் முகத்திமா. தமிழ்நாட்டு மாணவருக்கு இவற்றைவிட அருகில் இருந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே 1927-இல் அரபு, பாரசீகம், உருதுத் துறை தொடங்கியது. அத்துறையின் சையத் முகமது ஹுசைன் நயினார் 1942-இல் வெளியிட்ட, தென்னிந்தியா பற்றிய அரபுப் புவியியலாளரின் அறிவைத் தொகுத்த நூல், மஅபர் என்று அரபியர் அழைத்த சோழமண்டலக் கரையையும் பாண்டிய நாட்டையும் மூல நூல்களிலிருந்தே காட்டியது. ஹிட்டியைப் படித்தவர் பக்தாதை அறிவார். நயினாரையும் சேர்த்துப் படித்தவர் பக்தாதுக்கும் காயலுக்கும் இடையே ஓடிய கப்பலையும் அறிவார்.

மதுரை இத்தாளின் எல்லைக்குள் நேராக வருவது மொராக்கோப் பயணி இபன் பதூதா வழியாக. முகமது பின் துக்ளக்கின் ஆளுநராக மஅபரில் இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் கான் 1335 வாக்கில் தனியாட்சி அறிவித்து மதுரை சுல்தானகத்தைத் தொடங்கினார். அவருடைய மகள் ஒருத்தியை டெல்லியில் மணந்தவர் இபன் பதூதா. இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் கெட்டுக் கரையேறியபோது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன். அவரும் அஹ்சன் கானின் மற்றொரு மகளை மணந்தவர். இப்படி உறவு இருந்தும், பிடிபட்டவர்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, கழுவேற்றியும் வெட்டியும் கொன்ற கியாசுத்தீனின் கொடுமையை இபன் பதூதா வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். மதுரையை அகன்ற தெருக்கள் கொண்ட பெரிய நகரம் என்றார். அவர் வந்தபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. காய்ச்சல் கண்டவர் சில நாளில் மாண்டனர். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தனர். பிறகு சுல்தானும் இறந்தார். இபன் பதூதாவுக்கும் காய்ச்சல் கண்டது. புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போயிற்று, பிழைத்தார். மதுரையின் பதினான்காம் நூற்றாண்டு வாழ்வை இவ்வளவு அருகில் நின்று பார்த்துச் சொன்ன சாட்சி வேறில்லை.

அந்தச் சாட்சியை எப்படி எடைபோடுவது என்பதற்கும் அரபு இலக்கியத்திலேயே பாடம் இருக்கிறது. இபன் பதூதா ஊர் திரும்பிச் சொன்ன இந்தியக் கதைகளை ஃபெஸ் அரசவையில் பலர் நம்பவில்லை. இபன் கல்தூனும் ஐயப்பட்டார். காணாதது என்பதாலேயே ஒன்றைப் பொய் என்று தள்ளக்கூடாது என்று அங்கிருந்த அமைச்சர் ஒருவர் அவருக்கு எடுத்துரைத்தார். 1377-இல் எழுதிய முகத்திமாவில் இபன் கல்தூனே இதைப் பதிந்திருக்கிறார். தேர்வுக்குப் படிப்பவருக்கு மதுரையே இதற்கு நல்ல பயிற்சிக்களம். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றதைப் பாடும் கங்காதேவியின் மதுரா விஜயம் வெற்றி பெற்றவரின் காவியம். அந்த வெற்றி 1371 வாக்கில் முடிந்தது என்பர். ஆனால் மதுரை சுல்தான் சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் ஹிஜ்ரி 779, அதாவது 1377-78 வரை கிடைக்கின்றன. பயணி ஒன்று சொல்கிறார், காவியம் ஒன்று சொல்கிறது, நாணயம் மற்றொன்று சொல்கிறது. மூன்றையும் எதிரெதிரே வைத்து எழுதும் விடைதான் வரலாற்று விடை.

570–1650 என்ற எல்லைக்கு ஒரு குறை உண்டு. காயல்பட்டினத்தில் 1632-இல் பிறந்து கீழக்கரையில் அடங்கிய சதக்கத்துல்லா அப்பா அரபில் எழுதிய காலம் அந்த எல்லைக்குப் பிந்தியது. தமிழ்நாட்டு அரபுப் புலமை செழித்த நூற்றாண்டுகள் அப்படியே வெளியே நின்றன. தமிழில் எழுதப்பட்டதோ காலத்தால் உள்ளே வந்தாலும் மொழியால் வெளியே நின்றது. நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களில் மிகப் பழையதான ஆயிர மசலா, வண்ணப் பரிமளப் புலவர் இயற்றி 1572-இல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞர் அப்துல்லா இபன் சலாம் ஆயிரம் கேள்வி கேட்க நபிகள் விடை சொல்வதாக அமைந்த நூல் அது. அரபில் தோன்றிய அந்தக் கேள்வி நூல் பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. அரபு நாகரிகம் இந்தியப் பெருங்கடல் ஊர்களில் எப்படி வேர்விட்டது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான நூல் அரிது. தேர்வு அதைக் கேட்கவே இல்லை.

கோத்தாரி குழுவின் பரிந்துரையால் 1979-இல் தேர்வு முறை மாறியது. முதனிலை, முதன்மை, நேர்முகம் என்ற மூன்று படிகள் வந்தன. உயர்நிலைக் கூடுதல் தாள்கள் மறைந்தன, அவற்றோடு இடைக்கால நாகரிகத் தாளும் மறைந்தது. தமிழில் விடை எழுதும் உரிமை அந்த மாற்றத்தில் கிடைத்த பெரிய நன்மை. அரபு இலக்கியமும் பாரசீக இலக்கியமும் விருப்பப் பாடங்களாக நீடித்தன. 2013-ஆம் ஆண்டு மாற்றங்களில் விருப்பப் பாடம் இரண்டிலிருந்து ஒன்றாகி, அரபு, பாரசீகம், பாலி ஆகியன பட்டியலிலிருந்து நீங்கின. அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும் என்ற பாடம் இன்று கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வில் மட்டும் தனியாக நிற்கிறது.

குடிமைப்பணிக்குப் படிப்பவர் இப்போது இப்பொருளைப் பல இடங்களிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. வரலாறு விருப்பப் பாடத்தில் டெல்லி சுல்தானகமும், சூஃபி இயக்கமும், பெயர் சொல்லியே இபன் பதூதாவின் குறிப்புகளும் இருக்கின்றன.  பொது அறிவுத் தாளில் பண்பாடு, கட்டடக் கலை என்று சிறு பகுதிகள் வரும். மதுரை வட்டாரத்தில் இதற்கான கல்வி நிலையங்கள் பெரும்பாலும் விடுதலைக்குப் பின் எழுந்தவை: உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி, மதுரையில் 1964-இல் தொடங்கிய வக்ஃபு வாரியக் கல்லூரி, இளையான்குடியில் 1970-இல் தொடங்கிய ஜாகீர் உசேன் கல்லூரி. தேனி, கம்பம், பெரியகுளம் பேருந்துகள் வந்து நிற்கும் ஆரப்பாளையம் நிலையம் வழியாகவே மேற்கு ஊர் மாணவர்கள் நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்கும் நூலகங்களுக்கும் வந்து போகிறார்கள். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மூல நூல்களைத் தேடிச் சென்னை போக வேண்டிய தேவையை அவர்களுக்குக் குறைத்திருக்கிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் சீறாப்புராணம் இடம்பெற்றது. அதனால் மத்தியத் தேர்வு என்றும் கேட்காத பகுதியை மாநிலத் தேர்வு கேட்டது. உமறுப்புலவர், அவரை ஆதரித்த சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள் ஆகியவை கிராம நிர்வாக அலுவலர் பணிக்குப் படித்தவருக்கும் மனப்பாடமாயிருந்தன.